இரண்டு ஸ்பின்களின் பின்னலைக் காந்தப்புலத்தால் ஆட்டுவிப்பது எப்படி: தாளும் பென்சிலும் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகள் ப்ராஜெக்ட் எழுதுகிற மாதங்களில் என் வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு மாணவி இந்தத் தடவை எடுத்த தலைப்பு, ஒன்றோடொன்று ஊடாடும் இரண்டு ஸ்பின்களின் குவாண்டம் பின்னலைக் காந்தப்புலத்தால் கட்டுப்படுத்துவது. ஸ்பின் என்றால் எலக்ட்ரான் தனக்குள் வைத்திருக்கும் குட்டிக் காந்தம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பின்னல் என்பது ஆங்கிலத்தில் என்டாங்கிள்மென்ட். முதல் நாளே கேட்டாள்: “சார், காந்தத்தக் கூட்டிக்கிட்டே போனா பின்னல் அந்துரும், அவ்வளவுதானே? இதுல கட்டுப்படுத்த என்ன இருக்கு?”

நல்ல கேள்வி, ஏனென்றால் பல பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உண்மையில் புலத்தைக் கூட்டினால் பின்னல் அந்துபோவதும் உண்டு, அசையாமல் அப்படியே இருப்பதும் உண்டு, கொஞ்சம் சூடாக்கினால் திரும்பி வருவதும் உண்டு. எது நடக்கும் என்பது ஒரே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு ஸ்பின்களும் பொதுவாக உணரும் புலம் எவ்வளவு, இரண்டுக்கும் இடையே புலத்தில் வித்தியாசம் எவ்வளவு? முதலாவதைப் பொதுப் புலம் என்றும் இரண்டாவதை வித்தியாசப் புலம் என்றும் சொல்கிறேன். பொதுப் புலமோ, ஏற்கெனவே இருக்கிற நிலைகளில் எது கீழே வரும் என்பதை மட்டும் மாற்றும், நிலைகளின் உருவத்தைத் தொடாது. வித்தியாசப் புலமோ நிலையின் உருவத்தையே மாற்றும். கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்தப் பிரிவினையிலிருந்து கிளம்புகிறவைதான்.

எதைப் பின்னல் என்கிறோம்

நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு, ஒரு கல்லில் கொத்துக்கொத்தாகச் செதுக்கிய சிறு தூண்களில் ஒன்றைத் தட்டினால் பக்கத்துத் தூணும் அதிர்வது தெரிந்திருக்கும். பின்னலுக்கு அதை உதாரணம் சொல்லாதீர்கள். அங்கே ஒவ்வொரு தூணுக்கும் எந்த நேரத்திலும் தனக்கென்று ஓர் அசைவு இருக்கிறது, இரண்டும் தொடர்பில் இருக்கின்றன, அவ்வளவுதான். பின்னிய இரண்டு ஸ்பின்களில் தனித்தனி ஸ்பினுக்கு நிலை என்று ஒன்றைச் சொல்லவே முடியாது, ஜோடிக்குத்தான் நிலை உண்டு.

ஒரு ஸ்பின் மேலே (↑) அல்லது கீழே (↓) இருக்கலாம். இரண்டு சேர்ந்தால் ↑↑, ↑↓, ↓↑, ↓↓ என்று நான்கு. இதில் ↑↓ கழித்தல் ↓↑, இரண்டும் சம பங்கில் கலந்தது, சிங்லெட். ↑↓ கூட்டல் ↓↑, நடு ட்ரிப்லெட். இவை இரண்டும் முழுப் பின்னல். ↑↑, ↓↓ இரண்டிலும் பின்னல் துளியும் கிடையாது.

பின்னலை அளக்க வூட்டர்ஸ் 1998-ல் பொதுச் சூத்திரம் கொடுத்த கன்கரன்ஸ் என்ற எண் போதும். பின்னல் இல்லையென்றால் 0, முழுமை என்றால் 1. நம் கணக்கில் வருகிற எல்லா வெப்பநிலைக் கலவைகளுக்கும் அது எளிமையாகிவிடுகிறது: அடர்த்தி மெட்ரிக்ஸில் (கலவையின் வாய்ப்புகளை எழுதிவைக்கும் அட்டவணை) ↑↓-க்கும் ↓↑-க்கும் இடையேயுள்ள குறுக்கு உறுப்பின் அளவை எடுங்கள், ↑↑ கிடைக்கும் வாய்ப்பையும் ↓↓ கிடைக்கும் வாய்ப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து அதிலிருந்து கழியுங்கள், வருவதை இரட்டியுங்கள். விடை எதிர்க்குறியில் வந்தால் 0.

படி 1: நான்கு மட்டங்களை எழுதுங்கள்

நான்கே நான்கு எழுத்து. ஸ்பின்களுக்கு இடையேயான பரிமாற்ற ஆற்றல், அதாவது அவற்றின் ஊடாட்டத்தின் வலு, ஜே. பொதுப் புலத்தில் ஒரு ஸ்பினை மேலிருந்து கீழே திருப்ப ஆகும் ஆற்றல் பு. வெப்ப ஆற்றல், அதாவது போல்ட்ஸ்மன் மாறிலி பெருக்கல் வெப்பநிலை, வெ. வித்தியாசப் புலம் வி, அது பிறகு வரும். புலம் விரும்புகிற திசையை ↑ என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்தப் பக்கமும் சாயாத ஹைசன்பெர்க் ஊடாட்டத்தில், எதிரெதிராக நிற்பதையே விரும்பும் ஜோடிக்கு (ஜே கூட்டல் குறி) மட்டங்கள் இவை:

சிங்லெட்: −¾ ஜே
நடு ட்ரிப்லெட்: +¼ ஜே
↑↑: +¼ ஜே − பு
↓↓: +¼ ஜே + பு

ஒரு வரைபடத்தாளில் கிடையாகப் பு, நெடுக்காக ஆற்றல். சிங்லெட்டும் நடு ட்ரிப்லெட்டும் படுத்த கோடுகள், ↑↑ சரிந்து இறங்கும், ↓↓ ஏறும். இந்தப் படத்தைக் கையால் போடுங்கள், கம்ப்யூட்டரில் போட்டால் கண்ணில் தங்காது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, அந்த மாணவியும் அதில்தான் விழுந்தாள். சில கட்டுரைகள் ஊடாட்டத்தை ஸ்பின் மெட்ரிக்ஸ்களால் எழுதுகின்றன, சில பௌலி மெட்ரிக்ஸ்களால் எழுதுகின்றன. பௌலி மெட்ரிக்ஸ் ஸ்பினைப் போல் இரண்டு மடங்கு, பெருக்கும்போது நான்கு மடங்கு. போதாததற்கு, இரண்டே ஸ்பின்களை வளையமாகக் கருதி ஒரே இணைப்பை இரண்டு தடவை கூட்டுகிறவர்களும் உண்டு, அப்போது எட்டு மடங்கு. அவள் ஒரு கட்டுரையின் ஜே-வை இன்னொரு கட்டுரையின் சூத்திரத்தில் போட்டு, வாசல் வெப்பநிலை (அதற்கு மேலே பின்னல் இல்லை, படி 4-ல் வரும்) எட்டு மடங்கு வந்துவிட்டதே என்று இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்தாள். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் வேலை, புலம் இல்லாதபோது சிங்லெட்டுக்கும் ட்ரிப்லெட்டுக்கும் உள்ள இடைவெளி அவர்கள் எழுத்தில் எவ்வளவு என்று பார்ப்பது. இந்த வழிகாட்டியில் அந்த இடைவெளி சரியாக ஒரு ஜே.

படி 2: கெல்வினையும் டெஸ்லாவையும் ஒரே தராசில் வையுங்கள்

எலக்ட்ரான் ஸ்பினுக்கு 1 டெஸ்லா என்பது ஏறக்குறைய 1.34 கெல்வினுக்குச் சமம். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். ஜே 1 கெல்வின் என்றால் அதற்கு ஈடான புலம் 0.74 டெஸ்லா.

நம் ஊரோடு சேர்த்துப் பாருங்கள். சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்திலேயே போவதால் திருநெல்வேலியில் புவியின் காந்தப்புலம் கிட்டத்தட்டத் தரைக்குப் படுக்கையாக ஓடுகிறது, சரிவூசியை வைத்தால் ஏறக்குறையப் படுத்துவிடும். அதன் அளவு சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. நம் தராசில் அது 54 மைக்ரோ கெல்வின்தான், திடப்பொருள்களில் வழக்கமாக வரும் ஜே-வுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆய்வகத்து இரும்புக் கரு மின்காந்தம் 1, 2 டெஸ்லா தரும். அதற்கு மேலே மீக்கடத்திச் சுருள் வேண்டும். குளிருக்கு வந்தால், மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜினுக்குக் கையாளும் திரவ ஹைட்ரஜன் 20 கெல்வின், திரவ ஹீலியம் 4.2 கெல்வின். நமக்கு வேண்டியது ஹீலியம் பக்கம்தான்.

நான் எப்போதும் எடுத்துக்கொள்கிற பொருள் காப்பர் நைட்ரேட், நீரேற்ற உப்பு. அதில் தாமிர அயனிகள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன, ஜோடிக்குள் ஜே சுமார் 5.2 கெல்வின். ஹீலியத்துக்கும் எட்டும், ஆய்வக மீக்கடத்திக் காந்தத்துக்கும் எட்டும். இரண்டுக்கும் எட்டுகிற பொருள் அவ்வளவு எளிதாக அமையாது.

படி 3: பொதுப் புலத்தை ஏற்றுங்கள்

முதலில் வெப்பமே இல்லை என்று வைப்போம். புலம் 0-ல் அடிமட்டம் சிங்லெட், கன்கரன்ஸ் 1. புலத்தை ஏற்றுங்கள். ↑↑ இறங்கி வருகிறது, ஆனால் சிங்லெட் அசையவில்லை, பின்னலும் 1-லேயே நிற்கிறது. பு சரியாக ஜே-வைத் தொடுகிற இடத்தில் இரண்டு கோடும் வெட்டிக்கொள்கின்றன. அதைத் தாண்டியதும் அடிமட்டம் ↑↑, பின்னல் 0. படிப்படியாகக் குறைவது கிடையாது, ஒரேயடியாக விழுகிறது. சரியாக வெட்டுப்புள்ளியில் இரண்டும் பாதிப்பாதி கலந்திருந்தால் கன்கரன்ஸ் 0.5.

காப்பர் நைட்ரேட்டுக்கு இந்தத் தனி ஜோடிக் கணக்கு 3.9 டெஸ்லா பக்கம் கொடுக்கும். உண்மையான படிகத்தில் ஜோடிகளுக்கு இடையேயும் சின்ன ஊடாட்டம் இருப்பதால் வெட்டு ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு பட்டையாக விரியும். இதே வகையைச் சேர்ந்த தாலியம் காப்பர் குளோரைடில் 5.6 டெஸ்லா அருகில் இந்தக் கடப்பு நடக்கிறது.

ஜே கழித்தல் குறியாக, அதாவது இரண்டும் ஒரே பக்கம் பார்க்க விரும்பும் ஜோடியாக இருந்தால், இந்தப் பொருளை விட்டுவிடுங்கள். ஹைசன்பெர்க் ஊடாட்டத்தில் அதன் சமநிலையில் எந்த வெப்பத்திலும் எந்தப் பொதுப் புலத்திலும் பின்னல் கிடைக்காது.

படி 4: வெப்பத்தைச் சேருங்கள்

இங்கே நிதானமாக உட்காருங்கள், அழகே இதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு மட்டத்துக்கும் போல்ட்ஸ்மன் பங்கு (அந்த வெப்பத்தில் ஜோடி அந்த மட்டத்தில் இருக்கும் வாய்ப்பு) போட்டு, மேலே சொன்ன கன்கரன்ஸ் விதியில் வைத்தால் எல்லாம் அடிபட்டு இவ்வளவுதான் மிஞ்சும்:

கன்கரன்ஸ் = (ஈ − 3) ÷ (ஈ + 1 + ம)

இதில் ஈ என்பது எக்ஸ்ப்(ஜே ÷ வெ), ம என்பது எக்ஸ்ப்(பு ÷ வெ) + எக்ஸ்ப்(−பு ÷ வெ). எக்ஸ்ப் என்றால் கால்குலேட்டரில் இருக்கிற அடுக்குச் சார்புதான். எக்ஸெல் தாளில் மூன்று நெடுவரிசையில் முடிந்துவிடும்.

மேலே உள்ள தொகுதியைப் பாருங்கள், அதில் பு இல்லை. ஆக, பின்னல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொதுப் புலம் முடிவு செய்வதே இல்லை. ஈ 3-ஐ விடப் பெரிதா என்பது மட்டும்தான் கேள்வி, அதாவது வெ 0.910 ஜே-வுக்குக் கீழே இருக்க வேண்டும் (1-ஐ 3-இன் இயற்கை மடக்கையால் வகுத்தால் வருவது). காப்பர் நைட்ரேட்டுக்கு அது 4.7 கெல்வின். அந்த வாசலுக்கு மேலே எந்தப் பொதுப் புலமும் பின்னலை உண்டாக்காது, அதற்குக் கீழே எவ்வளவு பெரிய பொதுப் புலம் போட்டாலும் ஒரு துளி பின்னல் மிஞ்சியிருக்கும். “அப்போ அந்துபோவாதா சார்?” என்று அவள் கேட்டது இந்த வரியைப் பார்த்துத்தான். வெப்பம் முழுக்க இல்லையென்றால் மட்டும் அந்துபோகும். வெப்பம் கொஞ்சமாவது இருந்தால் ம பெரிதாகிப் பின்னல் மெலியும், அறவே போகாது.

இப்போது பு = 1.5 ஜே என்று நிறுத்துங்கள், வெட்டுப்புள்ளியைத் தாண்டிய இடம். வெ-யை மட்டும் ஏற்றுங்கள்.

வெ = 0.1 ஜே: கன்கரன்ஸ் 0.007
வெ = 0.2 ஜே: 0.074
வெ = 0.5 ஜே: 0.154
வெ = 0.8 ஜே: 0.044
வெ = 0.910 ஜே: 0

சூடேற்றினால் பின்னல் கூடுகிறது! குவாண்டம் என்றால் குளிர், சூடு என்றால் கெடுதல் என்றே கேட்டுப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாகத்தான் இருக்கும். காரணம் படத்தில் கண் முன்னே இருக்கிறது. இந்தப் புலத்தில் அடிமட்டம் ↑↑, அதில் பின்னல் இல்லை. அதற்கு அரை ஜே மேலே சிங்லெட் நிற்கிறது. கொஞ்சம் வெப்பம் கொடுத்தால் ஜோடிகள் சிங்லெட்டுக்கு ஏறுகின்றன, பின்னல் வருகிறது. மேலும் கொடுத்தால் நடு ட்ரிப்லெட்டும் நிறைந்து எல்லாம் கலங்கிப்போகிறது. காப்பர் நைட்ரேட்டின் அளவில் சொன்னால், 5.8 டெஸ்லாவில் நிறுத்திவிட்டு 1 கெல்வினிலிருந்து 2.6 கெல்வினுக்கு ஏற்றினால் பின்னல் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க: வெ = 0.2 ஜே-யில் புலம் இல்லாமல் 0.960, பு = ஜே-யில் 0.488. உங்கள் தாளில் இந்த எண்கள் வரவில்லை என்றால் படி 1-ல் சொன்ன நான்கு மடங்குப் பள்ளத்தைப் பாருங்கள்.

படி 5: வித்தியாசப் புலம்

இனி இரண்டு ஸ்பின்களுக்கும் வேறு வேறு புலம். இரண்டின் திருப்பும் ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசம் வி. ↑↓, ↓↑ இரண்டும் இப்போது ஒரே ஆற்றலில் இல்லை, ஒன்று தாழ்ந்து ஒன்று உயர்கிறது. தாழ்ந்த பக்கம் நிலை சாய்கிறது, சம பங்கு போய்விடுகிறது. கீழ்நிலையின் கன்கரன்ஸ்:

ஜே ÷ √(ஜே² + வி²)

வி = ஜே என்றால் 0.707. வி = 3 ஜே என்றால் 0.316. வெடுக்கென்று விழாமல் வழுவழுவென்று இறங்குகிறது, இதுதான் நிஜமான திருகு. பொதுப் புலத்தை ஸ்விட்ச் என்று நினைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசப் புலம் ரெகுலேட்டர்.

ஆனால் அதே வித்தியாசம் இரண்டு நன்மையும் செய்கிறது. ஒன்று, கீழ்நிலை இன்னும் ஆழமாக இறங்குவதால் வெட்டுப்புள்ளி தள்ளிப்போகிறது: ஜே-இன் பாதி கூட்டல் √(ஜே² + வி²)-இன் பாதி. வி = ஜே ஆனால் 1.207 ஜே வரை பொதுப் புலத்தைத் தாங்கும். இன்னொன்று, வெப்ப வாசலும் உயர்கிறது. வி = ஜே-யில் 0.910 என்பது 0.936 ஆகும், வி = 3 ஜே-யில் 1.094 ஆகும். பின்னலின் உச்சத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அது வாழும் எல்லையை விரித்துக்கொள்கிறோம். ப்ராஜெக்ட்டில் இந்த ஒரு படத்தைப் போட்டாலே போதும், மற்ற படங்களெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது என் கருத்து.

சரி, நானோமீட்டர் இடைவெளியில் நிற்கிற இரண்டு ஸ்பின்களுக்கு வேறு வேறு புலம் கொடுப்பது எப்படி? வெளியிலிருந்து எந்தப் பெரிய காந்தத்தைக் கொண்டுவந்தாலும் அவ்வளவு சின்ன தூரத்தில் அது பொதுப் புலம்தான். மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. சிலிக்கான் குவாண்டம் புள்ளிகளுக்கு (எலக்ட்ரானை அடைத்துவைக்கும் நுண்ணிய குழிகள்) மேலே கோபால்ட் நுண்காந்தத்தைப் படியவைப்பது, அது ஒரு நானோமீட்டருக்கு ஒரு மில்லி டெஸ்லாவை நெருங்கும் சரிவைத் தரும். காலியம் ஆர்சனைடில் அணுக்கருக்களின் சொந்த ஸ்பின்களையே ஒரு பக்கம் திருப்பி வைத்துச் சரிவு உண்டாக்குவது. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: மெக்னீசியம் ஆக்சைடு படலத்தின் மேல் இரண்டு டைட்டானியம் அணுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்பின் காந்த முனையை ஓர் அணுவின் தலைக்கு மேல் மட்டும் கொண்டுவருவது. முனை நெருங்க நெருங்க அந்த ஓர் அணுவின் புலம் மட்டும் மாறும். 2021-ல் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் இப்படி முனையால் இரண்டு அணுக்களின் புலத்தையும் சமமாக்கி, ஸ்பின் ஒன்றிலிருந்து மற்றதற்கு நானோ விநாடிகளில் போய்வருவதைப் பார்த்தார்கள்.

படி 6: நேரத்தை வைத்துப் பின்னுவது

இதுவரை சமநிலை. குவாண்டம் கணினிக்காரர்கள் சமநிலைக்குக் காத்திருப்பதில்லை. பின்னலே இல்லாத ↑↓-ல் தொடங்கி, ஊடாட்டத்தைத் திறந்து, சரியான நொடியில் மூடிவிடுவார்கள். வித்தியாசப் புலம் இல்லையென்றால் ↑↓ மெல்ல ↓↑ ஆகும், பாதி வழியில் முழுப் பின்னல். பாதி வழிக்கான நேரம், பிளாங்க் மாறிலியை 4 ஜே-யால் வகுத்தது. ஜே 1 கெல்வின் என்றால் 12 பிக்கோ விநாடி. இதற்குப் பெயர் வர்க்கமூல ஸ்வாப். லாஸ், டிவின்சென்சோ இருவரும் 1998-ல் முன்வைத்த திட்டத்தின் இதயம் இதுதான், 2005-ல் பெட்டா குழுவினர் காலியம் ஆர்சனைடு இரட்டைப் புள்ளியில் 180 பிக்கோ விநாடியில் இதைச் செய்துகாட்டினார்கள்.

பொதுப் புலத்தை எவ்வளவு மாற்றினாலும் இந்த ஆட்டம் மாறாது, ↑↓-க்கும் ↓↑-க்கும் அது ஒன்றுதான். வித்தியாசப் புலம் மாற்றும். அப்போது ↓↑-க்குப் போகும் அதிகபட்ச வாய்ப்பு, ஜே²-ஐ (ஜே² + வி²)-ஆல் வகுத்தது. வி ஜே-வை விட மிகப் பெரிதானால் ஆட்டமே நின்றுவிடும், அதாவது ஊடாட்டம் இருந்தும் ஜோடியைப் பூட்டிவைக்கலாம். சரியாக வி = ஜே என்று வைத்தால் வாய்ப்பின் உச்சம் பாதி, அந்த உச்சத்தில் கன்கரன்ஸ் 1. சமநிலையில் 0.707-ஐத் தாண்டாத அதே அமைப்பு இயக்கத்தில் முழுப் பின்னலைத் தொடுகிறது. உச்சத்தில் ஆட்டம் ஒரு கணம் நிதானிப்பதால் நேரம் சற்றே பிசகினாலும் பெரிய நஷ்டமில்லை.

படி 7: புலத்தை மெதுவாக ஏற்றினால் சிங்லெட் ↑↑ ஆகுமா?

ஆகாது! இதைப் பலர் தவறாக எழுதுகிறார்கள். சுற்றுப்புறத்தோடு தொடர்பில்லாத ஜோடியைச் சிங்லெட்டில் வைத்துப் பொதுப் புலத்தை எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் வெட்டுப்புள்ளியைத் தாண்டி அது சிங்லெட்டாகவே போகும், ஏனென்றால் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தெரியாமல் வெட்டிக்கொள்கின்றன. படி 3-ல் பின்னல் விழுந்தது சுற்றுப்புறம் ஜோடியை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டதால்தான்.

வேண்டுமென்றே இறக்க வேண்டுமென்றால் குறுக்குத் திசையில் ஒரு வித்தியாசப் புலம் போடுங்கள். அப்போது கோடுகள் வெட்டாமல் விலகி வளையும், இடைவெளி அந்தக் குறுக்கு வித்தியாசத்தின் சுமார் 0.7 பங்கு. மெதுவாக ஏற்றினால் வளைவோடு போய் ↑↑ ஆகும், வேகமாக ஏற்றினால் தாவிவிடும். எவ்வளவு வேகம் என்பதை 1932-ல் லாண்டாவும் ஜீனரும் தந்த சூத்திரம் சொல்லும். வளைவின் நடுவில் நிறுத்தினால் கன்கரன்ஸ் 0.5, முன்னே பின்னே நகர்த்தினால் இடையிலுள்ள எந்த மதிப்பும் கிடைக்கும். ஸ்விட்சாக இருந்த பொதுப் புலத்தை இப்படி ரெகுலேட்டராக மாற்றிக்கொள்ளலாம்.

ஊடாட்டம் ஈசிங் வகையாக, ஒரு திசையை மட்டும் பார்ப்பதாக இருந்தால் கதை தலைகீழ்: அந்தத் திசையில் புலம் போட்டால் எதுவும் பின்னாது, குறுக்கே போட்டால்தான் பின்னல் பிறக்கும். கன்கரன்ஸ் மறுபடி ஜே ÷ √(ஜே² + கு²), இங்கே கு என்பது குறுக்குப் புலத்தில் ஒரு ஸ்பினைத் திருப்பும் ஆற்றல், ஜே என்பது இணையாக நிற்பதற்கும் எதிராக நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி. கு-வைச் சிறிதாக்கினால் பின்னல் கூடும் என்று சூத்திரம் ஆசை காட்டும், நம்பிவிடாதீர்கள். கு = 0.1 ஜே-யில் கன்கரன்ஸ் 0.995, ஆனால் அடுத்த மட்டத்துக்கு இடைவெளி வெறும் 0.005 ஜே. ஒரு சின்ன வெப்பம் போதும், கலைந்துவிடும்.

படி 8: இரைச்சலும் சாட்சியும்

சிங்லெட்டும் நடு ட்ரிப்லெட்டும் பொதுப் புலத்தை உணர்வதில்லை என்பதால் அதன் ஏற்ற இறக்கமும் அவற்றுக்கு இடையேயான கட்டத்தை (ஃபேஸ்) கெடுக்காது. நம் ஊரில் நடுப்பகலில் வானத்தின் மின்னோட்டத்தால் காந்தப்புலம் பத்துக்கணக்கான நானோ டெஸ்லா ஏறி இறங்குவதை கிருஷ்ணாபுரத்துக் கருவிகள் தினமும் பதிகின்றன. அது இரண்டு ஸ்பின்களுக்கும் ஒன்றேதான், பின்னலைத் தொடாது. கெடுப்பது வித்தியாசப் புலத்தின் நடுக்கம். காலியம் ஆர்சனைடில் அணுக்கருக்கள் தருகிற சில மில்லி டெஸ்லா நடுக்கம் 10 நானோ விநாடியில் கட்டத்தைக் கலைத்தது, பெட்டா குழு ஸ்பின் எதிரொலி (நடுவில் ஸ்பின்களை இடம் மாற்றி நடுக்கத்தின் விளைவைத் திரும்ப அழிப்பது) உத்தியால் அதை 1.2 மைக்ரோ விநாடிக்கு நீட்டியது.

பின்னல் இருக்கிறது என்று ஆய்வகத்தில் எப்படி நிரூபிப்பது? படிகத்தில் ஒவ்வொரு ஜோடியையும் தொட முடியாது, ஆனால் காந்த ஏற்புத்திறனை, அதாவது சிறு புலத்துக்குப் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பதை, அளக்கலாம். பின்னாத ஸ்பின்கள் எவ்வளவு முயன்றாலும், புலமில்லாத நிலையில் அந்த ஏற்புத்திறன் கியூரி விதி (ஊடாடாத தனி ஸ்பின்களுக்கானது) சொல்லும் மதிப்பின் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே போக முடியாது. போனால் பின்னல் உறுதி. 2006-ல் ப்ருக்னர், வெட்ரல், சைலிங்கர் மூவரும், 1960-களிலேயே எடுத்துவைத்த காப்பர் நைட்ரேட் அளவீடுகளை இந்தக் கண்ணால் மறுபடி படித்து, 5 கெல்வின் பக்கத்துக்குக் கீழே பின்னல் இருந்ததைக் காட்டினார்கள். கொல்கத்தா ஐசர் ஆய்வாளர்களும் 2013-ல் இதே உப்பில் அளந்தார்கள்.

மாணவி, ஸ்பின் ஜோடிகளின் ஏற்புத்திறனைச் சொல்லும் 1952-இன் ப்ளீனி–பவர்ஸ் சூத்திரத்தில் 5.2 கெல்வினைப் போட்டு, கியூரி மதிப்பால் வகுத்துக் கோடு போட்டாள். அது மூன்றில் இரண்டை வெட்டிய இடம் 4.7 கெல்வின், படி 4-இன் வாசலேதான். இரண்டு வேறு வழியில் ஒரே எண் வந்ததைப் பார்த்து அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

புலம் போட்ட பிறகு இந்தச் சாட்சியை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள், புலத்துக்குக் குறுக்கான திசைகளில் ஏற்புத்திறன் வேறு பொருள் கொள்ளும். அப்போது ஆற்றலைச் சாட்சியாக்குங்கள்: ஒரு ஜோடியின் சராசரி ஆற்றலிலிருந்து புலத்தின் பங்கை நீக்கிய மிச்சம் −¼ ஜே-வுக்குக் கீழே இருந்தால் பின்னல் உண்டு. நம் எழுத்தில் அது ஈ > 1 + ம. புலம் இல்லாதபோது ம = 2, மறுபடி அதே 3. ஆனால் பு = 1.5 ஜே, வெ = 0.5 ஜே-யில் ஈ 7.4, 1 + ம 21.1. சாட்சி வாய் திறக்காது, கன்கரன்ஸ் 0.154 அங்கேயே இருக்கும். அந்தப் பகுதியைத் தாளில் தனி நிறத்தில் தீட்டி, “இங்கே பின்னல் உண்டு, ஆற்றலால் காட்ட முடியாது” என்று பக்கத்தில் எழுதச் சொன்னேன்.